கோயில் நடையும் பாட்டியின் நாளும்: தஞ்சை, கும்பகோணத்துக்கு மூன்று நாள் குடும்பப் பயணம்

மூன்று தலைமுறையும் சேர்ந்து வெளியூர் போவது என்று எங்கள் வீட்டில் முதன்முறை முடிவானபோது, இரண்டு நாளில் பார்க்க வேண்டியவை என்று நான் பதினொரு இடங்களை எழுதி வைத்திருந்தேன். முதல் நாளே பெரிய கோயில் வாசலை அடையும்போது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. சித்திரை மாத வெயிலில் கொதித்துக் கிடந்த கல் தளத்தில் என் மாமியாரால் பத்து அடிக்கு மேல் நடக்க முடியவில்லை. சின்னவள் அழுதாள், உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தும் நேரமும் நெருங்கிவிட்டது. அன்று மாலை மற்ற பத்து இடங்களையும் விட்டுவிட்டு, அறையிலேயே உட்கார்ந்து அடுத்த நாளை எப்படி நடத்துவது என்று பேசினோம். அப்போது தெரிந்துகொண்டதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

கோயில்கள் விடியலில் திறந்து, நண்பகலில் மூடி, நான்கு மணிவாக்கில் மீண்டும் திறக்கின்றன. வீட்டுப் பெரியவர்களும் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள், மதியம் சாப்பிட்டதும் சற்றுப் படுக்க வேண்டும் என்கிறார்கள், வெயில் தாழ்ந்ததும் வெளியே கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். சிறு பிள்ளைகளின் பொழுதும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. ஆகவே காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் நிதானமான சாப்பாடும் உறக்கமும் என்று வகுத்துக்கொண்டால், காவிரிப் படுகையின் நாளும் குடும்பத்தின் நாளும் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்திவிடும். தஞ்சையில் ஓர் இரவும் கும்பகோணத்தில் ஓர் இரவுமாக மூன்று பகல்கள் இதற்குப் போதும்.

நாள் குறிப்பது

தை பிறந்த பிறகு, பொங்கல் கூட்டம் வடிந்து, மாசி முடியும் வரையிலான நாள்களே இந்தப் பயணத்துக்கு மிக உகந்தவை. அப்போது மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் டெல்டாவுக்கு அடைமழைக் காலம் என்பதால், முதியவர்களை அழைத்துச் செல்வோர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. பள்ளி விடுமுறையை நம்பிச் சித்திரையிலோ வைகாசியிலோதான் போக முடியும் என்றால், காலைப் பயணத்தை ஆறு மணிக்கே தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

நாள்காட்டியில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று முகூர்த்த நாள்: கும்பகோணத்தில் பெரிய முகூர்த்தம் என்றால் நல்ல விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. மற்றொன்று பிரதோஷம்: பெரிய கோயிலில் நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைக் காண வருவதுதான் நோக்கம் என்றால் அதைவிடச் சிறந்த நாள் இல்லை, ஆனால் கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் வருபவர்களுக்கு அந்த நெரிசல் கடினம். கும்பகோணத்தைச் சுற்றியே நவக்கிரகக் கோயில்கள் பல இருப்பதால், “வந்தது வந்தோம், அதையும் முடித்துவிடலாமே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது தனியாகச் செய்ய வேண்டிய யாத்திரை என்று கிளம்புமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் மூன்று நாளும் வண்டியிலேயே கழிந்துவிடும்.

பயணச்சீட்டும் படுக்கையும்

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இரவில் உழவன் விரைவு வண்டியும் பகலில் சோழன் விரைவு வண்டியும் இருக்கின்றன. இரண்டும் கும்பகோணம் வழியாகவே தஞ்சாவூர் செல்பவை. முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. கீழ்ப் படுக்கை விஷயத்தில் புதியவர்கள் பலர் ஒரு தவறைச் செய்கிறார்கள். அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் பயணம் செய்யும்போதுதான் அது செல்லும். குடும்பத்தில் ஆறு பேரையும் ஒரே சீட்டில் சேர்த்துப் பதிந்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காமல் போய், தாத்தாவுக்கு மேல் படுக்கை விழுந்துவிடக்கூடும். எனவே பெரியவர்கள் இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு சீட்டும், மற்றவர்களுக்குத் தனிச் சீட்டுமாக எடுங்கள். பெட்டி வேறு வேறாக அமைந்தால் இளையவர் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளலாம். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் சீட்டே தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

காரில் வருபவர்களுக்குச் சென்னையிலிருந்து தஞ்சை சுமார் 340 கிலோமீட்டர். பிள்ளைகளுக்காக நின்று நின்று வந்தால் ஒரு பகல் முழுவதும் அதற்கே சரியாகிவிடும் என்பதால், எனக்கு இரவு ரயில்தான் உகந்ததாகத் தோன்றுகிறது. உள்ளூரில் சுற்றுவதற்கு மட்டும் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டால் போதும். பேசும்போது நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடங்கும், ஓட்டுநரின் பேட்டா அதில் சேர்ந்ததா, காத்திருப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உங்களோடு சாப்பிட வருவாரா, தனியாகச் சாப்பிட விரும்புவாரா என்பதையும் முதல் நாளே மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது. பசித்த ஓட்டுநரை வெளியே நிறுத்திவிட்டு நாம் உள்ளே இலை போட்டு உட்காருவது முறையல்ல.

அறை பார்க்கும்போது

இரவு ரயில் விடியற்காலையில் தஞ்சையில் இறக்கிவிடும். பல விடுதிகளிலோ நண்பகலுக்குத்தான் அறை கொடுப்பார்கள். பயணக் களைப்போடு பெரியவர்கள் ஆறு மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் உட்கார நேர்வது இதனால்தான். “நாங்கள் வந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் கணக்கா, நண்பகல் கணக்கா?” என்று தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள். நண்பகல் கணக்கு என்றால், நீங்கள் வந்து இறங்குவதற்கு முந்தைய இரவுக்கும் சேர்த்து ஓர் அறைக்காவது பணம் கட்டிவிடுங்கள். இந்தப் பயணத்தில் எங்கே சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள்.

மின்தூக்கி உண்டா, அது எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும் விசாரியுங்கள். ஒருமுறை நாங்கள் தங்கிய விடுதியில் மின்தூக்கி இருந்தது உண்மைதான், ஆனால் வாசலிலிருந்து அதை அடையப் பதினான்கு படி ஏற வேண்டியிருந்தது. குளியலறையில் மேற்கத்தியக் கழிப்பறையும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கின்றனவா, தரை வழுக்காததா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பயணத்தின் சுகதுக்கம் பெரும்பாலும் இங்கேதான் நிர்ணயமாகிறது.

முதல் நாள்: பெரிய கோயில்

குளித்துக் காபி குடித்துவிட்டு ஏழு மணிக்குள் பெரிய கோயில் வாசலில் இருந்துவிடுங்கள். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த இந்தக் கோயிலின் உள்முற்றம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு சுற்று சுற்றி வந்தாலே முக்கால் கிலோமீட்டர் நடந்ததாகிவிடும் என்பதை மனத்தில் வைத்துப் பெரியவர்களின் நடையைத் திட்டமிட வேண்டும். கேரளாந்தகன் வாயிலையும் இராசராசன் வாயிலையும் கடந்து நந்தியின் முன் வந்ததும் அவர்களை மண்டபத்துப் படியில் சற்று உட்கார வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் சுமார் 216 அடி உயரமுள்ள விமானம் முழுமையாகத் தெரியும். அந்த நந்தி நாயக்கர் காலத்தது, அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், ஒரு கோயிலைப் பல தலைமுறைகள் சேர்ந்து கட்டுகின்றன என்பது அவர்களுக்குப் புரியும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சை வீட்டில் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். காலையில் விமானத்தின் மேற்குப் பக்கமாகப் போய்ப் பாருங்கள், நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். எங்கள் வீட்டுப் பெரியவன் அந்த நிழலின் நுனியில் போய் நின்றுகொண்டு தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டியதும், “நாற்பது வருஷமாக நானும் நம்பிக்கொண்டிருந்தேனடா” என்று அவர் சொன்னதும் எங்களுக்கு மறக்காது. வெயில் ஏறிய பிறகு பெரியவர்கள் நடக்கவும் உட்காரவும் அந்த நிழல் உதவும் என்பதோடு, முற்றத்தைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையின் தளமும் குளிர்ச்சியாகவே இருக்கும். அங்கே வரிசையாக இருக்கும் லிங்கங்களையும் சுவரோவியங்களையும் பார்த்தபடி அவர்கள் மெல்ல நடந்து வரலாம். தடித்த பருத்திக் காலுறை ஒரு சோடி எடுத்துப் போனால், வெளியேறும்போது சூடேறிய கல்லைக் கடக்க உதவும்.

வழிபாடு முடிந்ததும் விமானத்தின் அடித்தளத்தருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கே சுற்றிலும் கல்வெட்டுகள். இந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு, “நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று அரசன் சொன்னதாக அந்தக் கல்வெட்டு கூறுகிறது. அக்கன் என்பது தமக்கை குந்தவையைக் குறிக்கும். தன் பெயரோடு அக்காளின் பெயரையும் மனைவியரின் பெயரையும், யாரென்று நமக்குத் தெரியாத எளியவர்களின் கொடையையும் சேர்த்துப் பொறிக்கச் சொன்ன அந்த வரியை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு அவர் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டார். பெரிய கோயிலில் ஒரே ஒரு செய்தியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல நேரமிருக்கிறது என்றால், உயரத்தையும் எடையையும் விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

மாலையில் அரண்மனைக்குப் போகலாம், ஆனால் அது மூடும் நேரத்தை அன்று காலையிலேயே விசாரித்து வையுங்கள். கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரைத் தேடிப் பாருங்கள். காளை இல்லாமலே காளைமேல் கையூன்றி நிற்பது போன்ற அந்த நிலையைப் பார்த்த பிள்ளைகள் வீடு திரும்பும் வரை அதேபோல நின்று காட்டிக்கொண்டிருப்பார்கள். மணிக்கூண்டின் படிகள் பெரியவர்களுக்கு வேண்டாம். அரண்மனை சுற்றி முடித்தும் தெம்பு மிஞ்சினால், விளக்கு வெளிச்சத்தில் பெரிய கோயில் முற்றத்தில் போய் உட்கார்ந்து வாருங்கள். அந்த நேரத்தில் தஞ்சாவூர்க் குடும்பங்களும் அங்கேதான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஓடியாடும்.

என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது

வெளியூரில் குடும்பத்தோடு சாப்பிடும்போது, எந்தக் கடை என்பதற்கு முன் எந்த நேரம் என்பதைப் பாருங்கள். காலை எட்டரைக்கும் மதியம் பன்னிரண்டரைக்கும் இலையின் முன் உட்கார்ந்துவிட்டால் உணவும் சூடாக இருக்கும், கூட்டமும் சேர்ந்திருக்காது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் வீட்டில் போல முன்கூட்டியே போட்டுக்கொண்டு கிளம்பி, கடையில் இடம் கிடைக்கக் காத்திருப்பது ஆபத்தானது. உணவு கண்முன் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பையில் எப்போதும் வெல்லமோ சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும்.

இந்தப் பக்கத்துக்கே உரியவை என்று மூன்று நான்கு பண்டங்கள் உண்டு. அவற்றை ஒரே நாளில் திணிக்காமல் பிரித்துச் சாப்பிடுங்கள். முதலாவது கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்துக் குழைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, பூண்டு அரைத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்ளத் தருவது இது. குருமாவைவிட மென்மையானது, சாம்பாரைவிடக் கெட்டியானது. புளிப்பும் காரமும் குறைவு என்பதால் பிள்ளைகளுக்கும் பல் விழுந்தவர்களுக்கும் இதைவிட இதமான தொடுகறி இல்லை. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. “இன்று கடப்பா உண்டா?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இரண்டாவது திருவையாற்று அசோகா. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறும் இந்த இனிப்பைச் சூடாக இருக்கும்போது அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும். நெய் தாராளமாக இருப்பதால் ஒரு பங்கு வாங்கி இருவர் பகிர்ந்தால் போதும். தஞ்சைக் கடைகளில் சந்திரகலா கிடைக்கும். மாவுக்குள் கோவா வைத்து மடித்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த அந்தப் பண்டம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பிறகு டிகிரி காபி. நெடுஞ்சாலை முழுவதும் பித்தளை டவரா படம் போட்ட பலகைகள் உங்களை அழைக்கும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் கும்பகோணத்திலேயே, கோயில் வீதிகளில், பழைய உணவகம் ஒன்றில் காலை ஆறரை மணிக்குக் குடிப்பது தனி அனுபவம். தண்ணீர் கலவாத பசும்பாலைக் காய்ச்சிய சூட்டோடு, அப்போது இறங்கிய முதல் டிகாக்ஷனைக் கலந்து தருவதுதான் அதன் சிறப்பு. பாலின் திடத்தைக் கருவியால் அளந்து வாங்கிய வழக்கத்திலிருந்து டிகிரி என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பித்தளை டம்ளர் கையைச் சுடும் என்பதால் முதியவர்களுக்கு டவராவில் ஆற்றிக் கொடுங்கள்.

மதியத்துக்கு வாழையிலைச் சாப்பாடு. பெரியவர்களுக்கு வத்தக்குழம்பும் ரசமும் இருந்துவிட்டால் வேறொன்றும் வேண்டாம். மீன் சாப்பிடும் குடும்பமாக இருந்தால் விரால் மீன் குழம்பு கிடைக்கும் இடத்தை உங்கள் ஓட்டுநரிடமே கேளுங்கள். ஆற்றுக்கும் குளத்துக்கும் உரிய மீன் இந்த ஊரில் நன்றாக இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு முள் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இரவில் எல்லாருக்கும் இட்லியோ இடியாப்பமோ தயிர்சாதமோ போதும். கொதித்து ஆறிய நீரைப் பெரிய குடுவைகளில் அறையிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்தை மருந்துப் பையில் போட்டு வையுங்கள்.

இரண்டாம் நாள்: ஐந்து பாலங்கள்

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அறையைக் காலி செய்துவிட்டுத் திருவையாற்றுக்குக் கிளம்புங்கள். தஞ்சையிலிருந்து 13 கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். ஊரின் பெயருக்கு இந்த ஐந்து ஆறுகளையே காரணமாகச் சொல்வதுண்டு. பிள்ளைகளிடம் பாலங்களை எண்ணச் சொல்லுங்கள், தாத்தாவிடம் ஒவ்வோர் ஆற்றின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் அன்று யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

ஐயாறப்பர் கோயிலின் தெற்குச் சுற்றில் ஓரிடத்தில் நின்று குரல் கொடுத்தால் அது பலமுறை எதிரொலித்துத் திரும்பும். எந்த இடம் என்று அங்கிருப்பவர்களே காட்டுவார்கள். பிறகு காவிரிக் கரையில் தியாகராசரின் சமாதிக்குச் சென்று சற்று அமைதியாக உட்காருங்கள். தை மாதத்தையொட்டி ஆராதனை நடக்கும் நாள்களில் இசை கேட்கவே வருவதானால் அறையை மிக முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்.

படித்துறையைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12 அன்று திறக்கப்படுகிறது. தண்ணீர் வந்த பிறகு காவிரி பார்வைக்குச் சாந்தமாக இருந்தாலும் இழுப்பு பலமானது, மணல் அள்ளிய குழிகள் நீரடியில் மறைந்திருக்கும். பெரியவர்கள் கடைசிப் படிக்கு மேலே நின்று சொம்பில் முகந்து கால் நனைத்துக்கொண்டால் போதும். நீந்தத் தெரிந்த பிள்ளையானாலும் இறங்கவிடாதீர்கள்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்குக் கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகப் போகும் சாலையையே ஓட்டுநரிடம் கேளுங்கள். நெடுஞ்சாலையைவிட மெதுவான வழிதான், ஆனால் வழிநெடுக வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வரும். நண்பகலுக்குள் கும்பகோணம் சேர்ந்து, சாப்பிட்டு, அறை எடுத்து, மூன்றரை வரை எல்லாரும் உறங்குங்கள்.

மாலைக்குத் தாராசுரம். கும்பகோணத்தை ஒட்டியே நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது. இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த இந்த ஐராவதேசுவரர் கோயில், குடும்பத்தோடு பார்ப்பதற்குத் தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்ற மூன்று சோழர் பெருங்கோயில்களிலும் மிகவும் ஏற்றது என்பது என் துணிந்த முடிவு. தஞ்சையில் நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது. இங்கே சிற்பங்கள் குழந்தையின் கண் உயரத்திலேயே இருக்கின்றன. மண்டபமே ஒரு தேராகச் சக்கரத்தோடும் குதிரையோடும் நிற்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கருவறையின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. என் மாமியார் பெரிய புராணக் கதைகளைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர். அன்று வழிகாட்டி எவரையும் அமர்த்தாமல் அவரே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, சிறுத்தொண்டரையும் கண்ணப்பரையும் அடையாளம் காட்டியபடி ஒரு மணி நேரம் குனிந்து குனிந்து நடந்தார். முந்தைய நாள் முழங்கால் வலி என்று சொன்னதை அவரும் நினைவுபடுத்தவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

கோயில் முன்புறம் இருக்கும் நந்தியும் தட்டினால் ஒலிக்கும் பலிபீடப் படிகளும் தாழ்வான இடத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்கும். படிகளைப் பாதுகாக்கக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வெளியே புல்வெளி உண்டு, பிள்ளைகளை அங்கே ஓடவிட்டுவிட்டுப் பெரியவர்கள் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாம் நாள்: இரண்டில் ஒன்று

இந்தக் காலைப் பொழுதை வீட்டில் யார் தெம்பாக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாரும் நலமாக இருந்தால் கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து போக வேண்டும். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயில் இது. சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பமும், சிங்க முகத்தின் வழியாகப் படி இறங்கும் கிணறும் இங்கே காண வேண்டியவை. கோயிலைச் சுற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்படியான கடைகள் குறைவு. முந்தைய இரவே சொல்லிவைத்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதத்தில் பால் கூடுதலாக ஊற்றிப் பிசையச் சொன்னால் மதியம் வரை புளிக்காது.

களைத்திருந்தால் சுவாமிமலையே போதும். தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிக்கும் அறுபது படிகள் மேலே முருகன் சன்னிதிக்குச் செல்கின்றன. ஏற முடியாதவர்கள் கீழே மீனாட்சி சுந்தரேசுவரரை வணங்கி உட்கார்ந்திருக்கலாம். ஊருக்குள் சிற்பக்கூடங்கள் பல இருக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஓர் ஓலை நறுக்கை மடித்து மடித்தே அவர்கள் உருவத்தின் அளவுகளைக் குறித்துக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உலை எரியும் இடத்தில் கையைப் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

வாங்குவதும் திரும்புவதும்

கடைசி மாலையைக் கும்பகோணம் கடைவீதிக்கு ஒதுக்குங்கள். தலையாட்டிப் பொம்மையை முதல் நாள் தஞ்சையிலேயே வாங்கியிருப்பீர்கள். இங்கே பித்தளைப் பாத்திரங்கள்தான். காபி டவரா செட்டுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் புளி சேர்த்துச் சமைக்கும் பாத்திரமாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியதாகவே வாங்க வேண்டும், அந்தப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்குபவர்கள், அது வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குங்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதால் முதலில் நீரை ஊற்றிய பிறகே தீயில் வையுங்கள். குத்துவிளக்கு வேண்டுமானால் ஓட்டுநரிடம் சொல்லி நாச்சியார்கோவில் வரை ஒருமுறை போய்வரலாம். எடை அதிகம், ஆகவே அதை யார் தூக்குவது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இரவு உணவை ஏழரைக்கெல்லாம் முடித்துக்கொண்டு, ரயில் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று விசாரித்து, பெரியவர்களை அதற்கு நேரான இருக்கையில் உட்கார வையுங்கள். வண்டி சில நிமிடங்களே நிற்கும் என்பதால் முதலில் இளையவர் ஒருவர் ஏறிக் கைகொடுக்க வேண்டும், பின்னர் பெரியவர்கள், பிள்ளைகள், கடைசியாகப் பைகள்.

கொழுந்து வெற்றிலையை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாக, நிலையத்துக்குப் போகும் வழியில் வாங்குங்கள். ஈர வாழையிலையில் சுற்றி, மேலே நனைத்த துணியைப் போட்டு, எந்தப் பையின் அடியிலும் அமுங்காதபடி பாட்டியின் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வீட்டில் அவர் பிரிக்கும்போது அது பசுமையாகவே இருக்கும்.